ஒரு மேடு போதும்

"வீட்ல உக்காந்துகினு எழுதினியா?"

குமரேசன் ஜெசிந்தாவைக் கேட்டார். விழுப்புரம் அலுவலகத்தில் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு அவர்தான் அதிகாரி. இவள் ஒப்பந்த ஊழியர். மாசக் கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் வேலை.

"இல்ல சார். இருநூறு பொம்பளைங்க விரல்லயும் நானே குத்தி, ரத்தம் எடுத்து, மெஷின்ல பார்த்தேன்."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஹீமோகுளோபின் கோடு எப்படி வரணும்? முக்கால்வாசிப் பேர் நடுவுல. ரொம்பக் கம்மியும் ரொம்ப ஜாஸ்தியும் ஓரத்துல கொஞ்சம். கோயில் மணி தொங்குற மாதிரி. உன்ன மாதிரியே மயிலம் பக்கம் போன திருமுருகன் எடுத்த கணக்கு அப்படித்தான் இருக்கு. உன்னுது என்ன, ரெண்டு மேடு?"

"ஒண்ணு பெரிய தெரு சார். பதினொண்ணு, பன்னெண்டுன்னு இருக்காங்க. இன்னொண்ணு காலனி. கூலிக்குக் களை எடுக்குறவங்க. ஏழு, ஏழரைக்கு மேல போவல."

"இந்த இருநூறு பேரை வெச்சுத்தான் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் எத்தினி பேருக்கு இரும்புச்சத்து ஊசி, எத்தினி பேருக்கு வெறும் மாத்திரைன்னு நான் எழுதணும். இது என்ன ரெண்டு மேடுன்னு காலைலேர்ந்து மேலேர்ந்து நாலு போன்."

குரலைத் தாழ்த்தினார்.

"காலனிக்காரங்களுக்கு ஆளுக்கு மூணு பாயிண்ட் ஏத்திப் போடு. ஒரே மேடாயிடும். உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் இல்ல."

"முடியாது சார்."

"சரி, ரெண்டரை."

"இன்னா சார், சந்தையில மல்லாட்டை மூட்டைக்கா பேரம் பேசறீங்க? ரத்தம் சார் அது."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ரெண்டு பிள்ளைகள் படிப்பும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

குமரேசன் மேஜையில் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிப் போட்டார்.

"அப்போ எழுதிக் குடு. ஒரு நம்பரும் தப்பில்ல, எதையும் மாத்த மாட்டேன்னு. கீழ கையெழுத்து."

எழுத்து கோணிக்கொண்டு போனது. எழுதிக் கொடுத்தாள்.

"வேலைய விட்டு எடுத்துடுவீங்களா சார்?"

"வெளிய போய் உக்காரு."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஒன்றும் ஓடவில்லை. உள்ளே போன் அடித்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஆமா சார், ரெண்டு மேடாவேதான் அனுப்பறேன்... சேர்த்து சராசரி போட்டா அந்தக் காலனியே கணக்குல காணாமப் போயிடும். ஊசி போட வேண்டியவளுக்கு மாத்திரைதான் கிடைக்கும்... நீங்க சொன்ன மாதிரி மிரட்டியும் பார்த்துட்டேன் சார், அந்தம்மா அசையல. எழுத்துல வாங்கிட்டேன். அது கீழ நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பிறகு அவர் குரல் மெதுவாக வந்தது.

"மாசக் கடைசியில வேலை இருக்குமோ இருக்காதோன்னு நிக்கிறவளே மாத்தல சார். ஆறு மாசத்துல பென்ஷன் வாங்கப்போற நான் மாத்தறதா?"