நடுங்காத கை

மனம் அளவுமீறிப் பொங்கும் நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கை லேசாக நடுங்கும் என்று மனநல ஆலோசகர் குமுதவல்லிக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் கவனிப்பில் இருந்த தாமோதரத்தின் கை நடுங்கிய அழகில், அவர் மனைவி பரிமளா சல்லடையை அவரிடம் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாள். சல்லடை தானாக மாவைச் சலித்துவிடும். பக்கத்து வீட்டு மாவும் வந்துகொண்டிருந்தது.

அன்று குமுதவல்லி அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது பரிமளா கேசரியோடு ஓடிவந்தாள். “நடுக்கம் அடியோட நின்னுபோச்சு மேடம்!”

குமுதவல்லி கேசரியை வாங்கி ஓரமாக வைத்தாள். போன தடவை மாத்திரையை நிறுத்தியபோது, வாடகை வீட்டு மொட்டைமாடியில் நீச்சல்குளம் கட்டி, தண்ணீர் விடுவதற்கு முன்பே குதித்துக் காலை முறித்துக்கொண்டவர் அவர்.

“கையை நீட்டுங்க சார்.”

நீட்டிய விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தாள். ஓரம்கூட அசையவில்லை.

“மாத்திரை போடுறீங்களா?”

“தவறாமப் போடுறேன் மேடம்,” என்று அவர் ஜன்னலோரத் தொட்டியைப் பார்த்தார்.

மின்விசிறி ஓடவில்லை, காற்றும் இல்லை. தொட்டியிலிருந்த மணிபிளான்ட்டின் இலைகள் ஒன்று விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

“அதைப் பாத்தாத்தான் எனக்குக் கவலையா இருக்கு,” தாமோதரம் குரலைத் தாழ்த்தினார். “பாவம், டாக்டர்கிட்ட சொல்லி அதுக்கு ஏதாவது மாத்திரை வாங்கித் தாங்க.”

குமுதவல்லி டாக்டரை அழைக்க செல்போனை எடுத்தாள். அதற்குள் வாசலில் ஒரு செங்கல் லாரி ஹார்ன் அடித்தது.

“வந்துட்டாங்க!” என்று தாமோதரம் மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்.