போராட்டத்துக்கு இரண்டு கிரெடிட்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத்தை யாரும் கலைக்கவில்லை, பாடமாக்கிவிட்டார்கள். புதன்கிழமை மதியம் மெயின் கேட் முன்னால் உட்கார்ந்து கோஷம் போட வேண்டும். முஷ்டியின் உயரத்துக்கும் தொண்டையின் வேகத்துக்கும் கேட்டின் மேலிருக்கும் கேமரா மார்க் போடும். துணைவேந்தர் மாடி ஜன்னலில் நின்று கையசைப்பார்.

அந்த வாரப் பாடம் ஏகாதிபத்தியம். எல்லாரும் ஒரே சுதியில் "ஒழிக" சொல்லிக்கொண்டிருந்தபோது, வரும்போதே காலி வாளியோடு வந்திருந்த முப்பிடாதி எழுந்து நின்றாள்.

"லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு வாரமா தண்ணி வரல! துணைவேந்தரே, கீழ வாங்க!"

ஜன்னல் மூடிக்கொண்டது. போராட்டப் பேராசிரியர் ஞானதுரை பதறி ஓடிவந்தார்.

"ஏம்மா, தண்ணி சிலபஸ்லயே இல்லியே!"

"குளிக்க முடியல சார்."

"அதுக்காக சொந்தப் பிரச்சினையயெல்லாம் போராட்டத்துக்குக் கொண்டு வரலாமா?"

முப்பிடாதி எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்கும் தண்ணி வரலல்ல?"

நாங்கள் எல்லாரும் கேட்டின் மேலிருந்த கேமராவைப் பார்த்தோம். கடைசியில் அவளுடைய ரூம்மேட் செல்வராணி, அவளும் குளிக்காதவள்தான், மெல்லக் கையைத் தூக்கினாள். முப்பிடாதியின் முகம் மலர்ந்தது.

"சார்," என்றாள் செல்வராணி, "இது பரீட்சைக்கு வருமா?"

"வராதும்மா."

தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டு, "ஏகாதிபத்தியம் ஒழிக!" என்று கத்தினாள்.

அந்தச் செமஸ்டரில் போராட்டத்தில் அவள்தான் முதல் மார்க். முப்பிடாதிக்கு ஆப்சென்ட்.