வாத்தியார் வரைந்த வைரஸ்

"வைரஸ்னா பெரிய பூச்சி இல்லக்கா. தன்னை எப்படிச் செய்யணும்னு எழுதின வெறும் சீட்டு. தானா ஒண்ணும் பண்ணாது. ஒரு செல்லுக்குள்ள புகுந்துட்டா, செல் தன் வேலையை விட்டுட்டு இதையே நகலெடுக்கும், உங்க மெஷின் மாதிரி" என்றார் அறிவியல் வாத்தியார்.

"என் மெஷினுக்குக் காய்ச்சல் வராது, போங்க வாத்தியாரே" என்று சிரித்தாள் ஜெராக்ஸ் கடை அக்கா. அறுகோணத் தலையும் மெல்லிய கால்களுமாய் அவர் வரைந்திருந்த வைரஸை முப்பது நகல் எடுத்து, மூலத்தோடு கொடுத்தனுப்பினாள்.

அடுத்து வந்த பெண்ணுக்குப் பத்து மணிக்கு வேலை நேர்காணல். அவளுடைய சான்றிதழைக் கண்ணாடிமேல் கவிழ்த்தால், வந்தது வைரஸ் படம். மறுபடியும் அதுவே. பொத்தானைத் தொடாமலே தாள்கள் விழத் தொடங்கவும், அக்கா பிளக்கைப் பிடுங்கினாள்.

"பரவால்லக்கா, விவரத்தைக் கையாலயே எழுதிக்கிறேன்" என்று அந்தப் பெண் பேனா வாங்கி உட்கார்ந்தாள்.

மணி பத்தாகிவிட்டது. "நேரமாச்சும்மா, கிளம்பு" என்று அக்கா எட்டிப் பார்த்தாள். தாள் முழுக்க அறுகோணத் தலைகள். பதறிப்போய்ப் பேனாவை இழுத்துப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் விரல்கள் விடவில்லை.

"இதோ முடிஞ்சிருச்சுக்கா" என்றபடி, அந்தப் பெண் தலைநிமிராமல் அடுத்த தாளை எடுத்தாள்.