கரை தொட்ட குமிழ்

முட்டையின் மஞ்சட்கருவிலிருந்து பிரித்த பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பைக் குடுவையில் மென்படலமாக உலர்த்தி, அதன்மேல் தூயநீர் வார்த்தாள் செவ்வந்தி. தலை நீரை நாட, வால் நீருக்கு அஞ்ச, அம்மூலக்கூறுகள் தாமே கைகோத்து, உயிரணுச் சவ்வைப் போன்ற வட்டக் குமிழ்களாயின. தருமபுரிக் கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு அதுவே அன்றாட வழிபாடு.

நுண்ணோக்கியில் அவள் குனிந்திருந்தபோது அம்மா கைபேசியில் அழைத்தாள். ஒகேனக்கல்லில் ஆடி வெள்ளம் பரிசலோடு கொண்டுபோன அப்பாவின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.

“பாப்பா, நாளைக்கே கருமாதிய வச்சிரலாங்கறாரு உங்க சித்தப்பா. நீ என்னா சொல்ற?”

செவ்வந்தியின் கண் நுண்ணோக்கியிலேயே இருந்தது. கண்ணாடித் தகட்டில் இட்ட நீர்த்துளியில் குமிழ்கள் யாவும் வலப்புறமாக மிதந்து செல்ல, ஒன்று மட்டும் எதிரேறி வந்தது. நீரின் விளிம்பை அணைந்ததும் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கரை சேருமுன் பரிசலை அப்படிச் சுழற்றி நிறுத்துவது அப்பா ஒருவரின் வழக்கம். ஏறியிருப்பவர்கள் அலறுவார்கள், அவர் சிரிப்பார்.

நின்ற குமிழ் ஒருபுறம் அமிழ்ந்து, மெல்ல நிமிர்ந்து, ஆள் இறங்கிய பரிசல்போல் ஆடி அடங்கியது.

“பாப்பா, கேக்குதா?”

“கேக்குதும்மா. கருமாதி வேணாம். இன்னிக்கு வூட்டுக் கதவத் தாப்பாப் போடாத.”