இன்னாசி அண்ணனின் தலையணை

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம் என்பது மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு நட்ட ஒரு சவுக்குக் கிளைதான். அதில் பனி வைக்க நானும் தங்கையும் வருடா வருடம் இன்னாசி அண்ணனின் தலையணையிலிருந்து பஞ்சு எடுப்போம்.

"என் தலவாணிதான் கெடைச்சுதா ஒங்களுக்கு?" என்று கத்துவான். தையலைப் பிரித்துக் கொடுப்பதும் அவன்தான். பண்டிகை முடிந்ததும் அம்மா பஞ்சைத் திரும்ப அடைத்து, சிவப்பு நூலால் தைத்துவிடுவாள்.

எழுபதாம் வருடம் தை அறுவடையில், கூலித் தகராறில் அண்ணனைக் களத்திலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். பெட்டியில் வைத்தபோது அந்தத் தலையணையையே அவன் தலைக்குக் கொடுத்து அனுப்பினாள் அம்மா.

அந்த டிசம்பரில் கிளையை மட்டும் நட்டோம். பனி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் கிளை முழுக்கப் பஞ்சு இருந்தது. அண்ணனின் தலையெண்ணெய் வாசனை அடித்தது. அம்மா அதை எடுத்துப்போய்க் கல்லறையில் வைத்தாள், காற்று கொண்டுபோனது. மறுவருடமும் பஞ்சு வந்தது, முன்பைவிடக் குறைவாக.

மூன்றாம் வருடம் அம்மா வலங்கைமான் கடைத்தெருவில் புதுப் பஞ்சு வாங்கிவந்து, பச்சையே தெரியாமல் கிளையை மூடினாள்.

"நாங்களே வச்சுட்டோம்டா. ஒன்னுது ஒனக்கு இருக்கட்டும்" என்று கிளையிடம் சொன்னாள்.

விடிந்தபோது வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே ஒரு விரல்நுனி அளவுக்குப் பழுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. டின்னுக்கு அடியில் சிவப்பு நூல் தொங்கும் தலையணை உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மா உறைக்குள் கைவிட்டுத் துழாவினாள். மூலை வரைக்கும் ஒன்றுமில்லை.

"அப்ப வெறும் பலகையிலயாடா தலைய வச்சிருக்க?" என்றாள்.