அறுபத்திரண்டு

காபித் தட்டை நீட்டும்போதுதான் சுகந்தி கவனித்தாள். பெண் பார்க்க வந்தவனும் அவளைப் போலவே இதயத் துடிப்பைக் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தான். "எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு" என்று அவன் சொன்னபோது அதில் அறுபத்திரண்டு. தூங்குகிறவனுடைய துடிப்பு. அவள் பார்ப்பதைக் கண்டதும் சட்டைக்கையை இழுத்து மூடிக்கொண்டான்.

"நீ என்னம்மா சொல்றே?" என்றாள் அவனுடைய அம்மா. கூடமே சுகந்தியின் முகத்தைப் பார்த்தது. அவன் மட்டும் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். நூற்றுப் பத்து. நூற்று முப்பது. துடிப்பு எகிறியதை எச்சரித்து வாட்ச் அதிரத் தொடங்கியது. முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள்.

"சம்மதம்."

"வெட்கத்தப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அவனுடைய அம்மா பூ வைக்க எழுந்தாள். துணிக்குள் வாட்சின் அதிர்வு அடங்கவே இல்லை.