இரண்டு மாப்பிள்ளைகள், ஒரு வெப் பக்கம்

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்ததை வைத்து, தான் வரைந்த சேலை டிசைன்களுக்காக நூருல் ஹுதா ஒரு வெப் பக்கம் செய்திருந்தாள். பெண் கேட்ட இரண்டு பேரும் அதைப் பார்த்த பிறகு, கல்யாணத்துக்கு அப்புறமும் இந்த வேலையைத் தொடரலாமா என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் நிபந்தனை.

“துபாய் மாப்பிள்ளை எல்லாப் படத்தையும் பாத்துட்டாராம். பிரமாதமாம், வேலையும் செய்யலாமாம்” என்றாள் உம்மா மகபூப் பீவி. “கடையநல்லூர்க்காரருக்கு ஒரு படமும் தொறக்கலையாம். பாக்காம எப்பிடிச் சொல்லன்னு கேக்காராம். ஒரு லிங்கைத் தட்டத் தெரியல, அவரெல்லாம் ஒரு மாப்பிள்ளை!”

“சாயங்காலம் சொல்லுதேன் உம்மா.”

நூருலுக்கு எப்போதும் தன் மேல்தான் சந்தேகம். வகுப்புக் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு லிங்காகத் தட்டினாள். ஒரு படமும் வரவில்லை.

மாஸ்டர் முத்துமணி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஏம்மா, லிங்க்ல உன் வீட்டுக் கம்ப்யூட்டரோட சி டிரைவ் முகவரியைல்லா எழுதியிருக்கே! படமெல்லாம் உன் வீட்டுலயேதான் கெடக்கு.”

“அப்போ துபாய்ல தொறக்காதா சார்?”

“அடுத்த தெருவுலயே தொறக்காதுங்கேன்!”

அவள் வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். “உம்மா, கடையநல்லூர்க்காரங்களை வரச் சொல்லுங்க.”

“ஏட்டி, அவருக்குத்தான் தொறக்கலையே!”

“ஆமா உம்மா. அவரு ஒருத்தருதான் தட்டிப் பாத்திருக்காரு.”